ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு வேலை

(சந்தாபுராவில் நடந்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொட்டியில் காய்கறி வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதில் என்ன பேச இருக்கிறது, தொட்டி, மண், விதை, தண்ணீர், அவ்வளவுதானே என்று சிலர் நினைக்கலாம். அந்த நாலில் கடைசியாகச் சொன்ன தண்ணீரைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

2024-ஆம் வருஷம் மார்ச் மாதம் பெங்களூர் தண்ணீருக்குத் தவித்தது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டாலோ காரைக் கழுவினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. அப்போது ஒரு மாமி என்னைக் கேட்டார்: "ஏன் மாமா, மனுஷாளுக்கே குடிக்கத் தண்ணி இல்லாம லாரிக்குக் காத்துண்டிருக்கோம். நீங்க கத்தரிச்செடிக்கு விட்டுண்டிருக்கேளே, நியாயமா?" மாமி கேட்டது நியாயமான கேள்வி. இன்றைய என் பேச்சு பூராவும் அதற்குப் பதில்தான்.

வெளியூர் உறுப்பினர்களுக்காக இந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா தொழிற்பேட்டை இரண்டையும் தாண்டி, ஓசூர் போகும் சாலையில், ஆனேகல் தாலுகாவில் இருக்கிறது சந்தாபுரா. இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணறும் டாங்கர் லாரியும்தான் கதி. ஊருக்கென்று ஓர் ஏரி உண்டு. அதில் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்ததைத் தடுக்கத் தவறியதற்காக, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு சின்ன ஊரின் ஏரிக்கு 500 கோடி என்றால், அந்தத் தண்ணீரின் லட்சணத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

நமக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. தொழிற்சாலைக் கழிவு கலந்த நீரில் வளரும் கீரையில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் சேரும். இலையின் மேலே ஒட்டியிருக்கும் அழுக்கு கழுவினால் போகும். வேர் வழியாக உள்ளே போய்விட்ட உலோகம் கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. கீரைக்கட்டைப் பார்த்து அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, மற்ற காய்களைக் கடையில் வாங்கினாலும், கீரையையும் கொத்தமல்லியையும் மட்டுமாவது வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தரையில் இருக்கும் செடி வீட்டில் இருக்கும் மனுஷன் மாதிரி. ஒன்று கிடைக்காவிட்டால் வேரை நீட்டி வேறு இடத்தில் தேடிக்கொள்ளும். தொட்டிச் செடியோ ரயிலில் போகிறவர் மாதிரி. கட்டிக் கொடுத்த கட்டுச்சாதம்தான் சாப்பாடு. நல்லது கொடுத்தாலும் கெட்டது கொடுத்தாலும் அதையேதான் சாப்பிடும், பிறகு அதையே நம் இலையில் பரிமாறும். அதனால் எந்தத் தண்ணீரைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

நம் வீடுகளில் கிடைக்கும் தண்ணீரை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, போர்வெல் தண்ணீர். இங்கே அது கடினநீர். கால்சியம் பைகார்பனேட் அதிகம். மண்தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூக்கிறதே, அதற்கு இதுதான் காரணம். நாளாவட்டத்தில் மண்ணில் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாமல் போகும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் அறிகுறி. மக்கிய எருவைத் தாராளமாகப் போட்டு, மழைக்காலத்தில் தொட்டிகளை நன்றாக நனையவிட்டால் பெரிதும் சரியாகும்.

இரண்டாவது, பல அபார்ட்மெண்ட்களில் இருக்கும் 'சாஃப்ட்னர்' தண்ணீர். நுரை நன்றாக வருகிறது, ஆகவே செடிக்கும் நல்லது என்று நினைக்கிறார்கள். அந்த இயந்திரம் கால்சியத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தைச் சேர்க்கிறது. சோடியம் சேரச் சேர மண் இறுகி, காற்றும் நீரும் போகாது. செடிக்கு இதைவிட சுத்திகரிக்காத போர்வெல் தண்ணீரே மேல்.

மூன்றாவது, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் நீர். உப்பையெல்லாம் அதில்தான் தள்ளுகிறது. அது வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும், தொட்டிக்குத் தினமும் ஊற்ற வேண்டாம். நான்காவது, கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடும் நீர். குரோட்டன்ஸுக்கும் புல்தரைக்கும் விடலாம். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினாவுக்குக் கூடாது.

கடைசியாக, நம் சமையலறைத் தண்ணீர். அரிசி, பருப்பு களைந்தது, காய்கறி அலம்பியது. நாலு பேர் இருக்கும் வீட்டில் தினமும் 12-லிருந்து 15 லிட்டர் தேறும். சோப்பு கலந்ததும் உப்புப் போட்டு வேகவைத்ததும் மட்டும் வேண்டாம். 25 தொட்டிக்கு வெயில் காலத்தில் சராசரியாக 25 லிட்டர் வேண்டும். சமையலறை 15 கொடுத்தால் பாக்கி 10.

அந்தப் பத்தை மழையிலிருந்து எடுக்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பெங்களூரில் வருஷத்துக்குச் சுமார் 970 மி.மீ. மழை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது 93 சதுர மீட்டர். பெருக்கினால் 90,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 72,000 லிட்டர் கையில் நிற்கும். நமக்கு வேண்டியது டிசம்பரிலிருந்து மார்ச் வரையிலான வறண்ட மாதங்களுக்குத் தினமும் பத்து லிட்டர். ஆயிரம் லிட்டர் டாங்க் ஒன்று நூறு நாளுக்குத் தாங்கும். மாமியின் கேள்விக்கு இதுதான் பதில். ஏற்கெனவே ஒரு வேலை செய்து முடித்த தண்ணீருக்கு இரண்டாவது வேலை கொடுக்கிறோம், மீதிக்கு வானத்திலிருந்து வருவதைப் பிடிக்கிறோம். குடிநீரில் கை வைப்பதில்லை.

டாங்க்கை மட்டும் மாடியில் வைக்காதீர்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் எடை. எடையைப் பற்றிப் பொதுவாகவே எச்சரிக்கை வேண்டும். மனிதர் நடமாடும் மொட்டைமாடி, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமையைத் தாங்கும்படி கட்டப்பட வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயக் கணக்கு. ஒரு அடி உயரத்துக்கு ஈரமண் கொட்டினால் சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் போகும். மாடி முழுக்கப் பாத்தி கட்டுகிறேன் என்பவர்கள் முதலில் கட்டிட இன்ஜினீயரைக் கேட்க வேண்டும். தொட்டிகளைச் சுவர் ஓரமாக, கீழே பீம் போகும் வரிசையில் வைப்பதே உசிதம்.

எடையைக் குறைக்கத்தான் தென்னைநார்க் கழிவு. தோட்ட மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, அதோடு ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுச் சேர்க்கவும்.

தொட்டியின் அடியில் கல்லும் ஓடும் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். பௌதிகம் வேறு விதமாகச் சொல்கிறது. வீட்டில் ஒரு ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும். ஆகவே உயரம் குறைந்தால் ஈரம் தங்கும், உயரம் கூடினால் வடியும். அடியில் மூன்று அங்குலம் கல் போட்டால் மண்ணின் உயரம் அவ்வளவு குறைகிறது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்குவதும் இல்லை. துவாரத்தின் மேல் ஒரே ஒரு ஓட்டுத்துண்டு, மண் ஒழுகாமல் இருக்க, அது போதும்.

அடித்தட்டில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒரு தடவையாவது கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். டெங்கு கொசு பெரும்பாலும் சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடும். 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்து அறிவித்தது. நாம் காய் வளர்க்கப்போய் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் வரக்கூடாது. மழைநீர் டாங்க்குக்கும் இறுக்கமான மூடி அவசியம்.

இனி, என்ன போடலாம்? முதல் தடவை ஆரம்பிப்பவர்கள் வெந்தயக்கீரையில் ஆரம்பியுங்கள். அஞ்சறைப்பெட்டி வெந்தயமே விதை. 25 நாளில் பறித்து சாம்பாரில் போடலாம். அடுத்து முளைக்கீரை, மணத்தக்காளி, பச்சைமிளகாய். வெண்டை விதைத்த 45, 50 நாளில் காய்க்கும். நம் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'அர்கா அனாமிகா' வெண்டை நல்ல ரகம். திவசச் சமையலுக்குப் பிரண்டை தேடி அலைகிறவர்கள், ஒரே ஒரு கணுவை நட்டு வையுங்கள். வெயிலில் வைத்து எப்போதாவது நீர் விட்டால் போதும். கொத்தவரை, அவரை, புடலை இவையும் தொட்டியில் வரும். எந்தக் காய் ஆகும், எது ஆகாது என்பது வீட்டுக்கு வீடு மாறும், அதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்கள் பெங்களூர்க் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தக்காளி காய் பிடிக்க ராத்திரி வெப்பம் 15-லிருந்து 20 டிகிரி இருப்பது நல்லது. பெங்களூரில் பெரும்பாலான மாதங்களில் அது கிடைக்கிறது. சென்னையில் சித்திரை வெயிலில் பூ பூத்து உதிரும், எரு போட்டுப் பிரயோஜனம் இல்லை. அங்கே புரட்டாசிக்கு மேல் நடலாம். டெல்லியில் குளிர்காலம் கீரைக்கு, வெண்டைக்குப் பிப்ரவரி கடைசி. மும்பையில் மழை நாலு மாதமும் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிட வேண்டும்.

"பூ நிறைய பூக்கிறது, காய் இல்லை" என்று கொடிக்காய் போட்டவர்கள் புகார் சொல்வார்கள். பரங்கி, புடலை, சுரையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் பிஞ்சு மாதிரி ஒரு குட்டி இருக்கும். நாலாவது மாடிக்குத் தேனீ வராவிட்டால் நாம்தான் தேனீ. ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவினால் போதும். பரங்கிக்குக் காலையில், புடலைக்கும் சுரைக்கும் பொழுது சாய்ந்த பிறகு. ஸ்வாமி விளக்கேற்றிவிட்டு மாடி ஏறினால் சரியாக இருக்கும்.

மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள். அந்தப் பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புதான் அதைக் காவல் காக்கிறது. எறும்பை விரட்டிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளிக்கவும். குரங்குக்கு மட்டும் மருந்து கிடையாது. போன வருஷம் பழுத்த தக்காளி பதினெட்டை எண்ணி வைத்திருந்தேன், மறுநாள் எல்லாமே ஆஞ்சநேயருக்கு நைவேத்யம் ஆகிவிட்டது. காய் நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

பெங்களூரில் மாடித்தோட்டத்தை ஓர் இயக்கமாக வளர்த்தவர் பூச்சியியல் படித்த டாக்டர் பி. என். விஸ்வநாத் அவர்கள். 2011 முதல் 'ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா' என்ற பெயரில் மாடித்தோட்டக்காரர்களின் சந்தைகள் நடந்தன. ஊட்டா என்றால் கன்னடத்தில் சாப்பாடு. இந்த மாதிரி விதையும் அனுபவமும் பரிமாறிக்கொள்வதை நம் சங்கத்திலும் செய்யலாம். ஒவ்வொரு கிளையிலும் விதை கொடுப்பவர் ஒருவர், வாங்கிக்கொள்பவர் பத்துப் பேர் என்று ஆரம்பிக்கலாம்.

இதனால் காய்கறிச் செலவு பெரிதாக மிச்சமாகும் என்று நான் சொல்லமாட்டேன். தொட்டிக்கும் எருவுக்கும் ஆகும் செலவை வைத்துப் பார்த்தால் கணக்கு கட்டிவராது. இரண்டு லாபம் நிச்சயம். வாரத்தில் இரண்டு நாளாவது, எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று தெரிந்த கீரையைப் பேரக்குழந்தைகளுக்குப் போடலாம். தினம் பதினைந்து லிட்டர் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் செடிக்குப் போகும். நாளைக் காலையில் அரிசி களையும்போது அடியில் ஒரு வாளியை வையுங்கள். தொட்டி அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.