சட்டம் எட்டிய தூரம்



விளையாட்டில் பேரெடுத்த ஒருவர் பின்னாளில் பள்ளிக்கூட வேலைக்குப் போனார் என்றால், ஒரு சாரார் "எப்படி இருந்தவர்!" என்று உச்சுக்கொட்டுவார்கள். இன்னொரு சாரார் "புகழை உதறிவிட்டுச் சேவைக்கு வந்தவர்" என்று மாலை போடுவார்கள். அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை லூசியா ஹாரிஸின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் இரண்டு பேச்சுமே பிசகு. அவர் பள்ளிக்குத் திரும்பியது வீழ்ச்சியும் அல்ல, துறவும் அல்ல. அவர் காலத்துச் சட்டம் எவ்வளவு தூரம் எட்டியதோ, அவருக்கு வழியும் அவ்வளவு தூரம்தான் இருந்தது.

1955இல் மிசிசிப்பி மாநிலத்தின் மின்டர் சிட்டியில், காய்கறி பயிரிட்ட ஒரு கறுப்பினக் குடும்பத்தில், பதினொரு பிள்ளைகளில் பத்தாவதாகப் பிறந்தவர் லூசியா. உயரம் 6 அடி 3 அங்குலம். அவர் படிக்கப் போன டெல்டா ஸ்டேட் கல்லூரியில் 1930களிலேயே பெண்கள் அணியைக் கலைத்திருந்தார்கள். பெண்கள் உடம்பு இந்த ஆட்டத்தைத் தாங்காது என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். கலைக்கப்பட்ட அந்த அணியில் ஆடிய மார்கரெட் வேட், நாற்பது ஆண்டு கழித்து அதே கல்லூரியில் புதிய அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். இடையில் நடந்தது என்ன? மத்திய அரசின் பணம் பெறும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது என்று 1972இல் சட்டம் வந்தது. மறு ஆண்டே டெல்டா ஸ்டேட்டில் பெண்கள் அணி மீண்டும் எழுந்தது. வளையத்துக்கு அருகில் இடம்பிடித்து நிற்பார் லூசியா. பந்து கைக்கு வந்தால், எறிந்த பத்தில் ஆறுக்கு மேல் உள்ளே விழும். 1975, 76, 77 என மூன்று ஆண்டும் தேசியப் பட்டம். கல்லூரி ஆட்டங்களில் மட்டும் அவர் எடுத்தது 2,981 புள்ளிகள். 1976 மான்ட்ரியாலில் பெண்கள் கூடைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது, முதல் புள்ளிகளை எடுத்தவரும் இவர்தான். அமெரிக்காவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அந்தச் சட்டம் கட்டுப்படுத்தியது கல்வி நிலையங்களை. பட்டம் வாங்கி வெளியே வந்தவளுக்குத் தொழில்முறை லீக் நடத்து என்று அது யாரையும் கேட்கவில்லை. 1978இல் தொடங்கிய பெண்கள் லீக் மூன்றே பருவங்களில் மூடப்பட்டது. அதில் ஹூஸ்டன் அணிக்காக லூசியா ஆடியது ஒரு பருவம். மற்றபடி அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். டெல்டா ஸ்டேட்டில் மாணவர் சேர்க்கைப் பணி, துணைப் பயிற்சியாளர் வேலை. 1984இல் கல்வியியலில் முதுகலை. பிறகு டெக்ஸஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர். கடைசியில் மிசிசிப்பிக்கே திரும்பி, பள்ளிப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியை. எல்லாமே கல்வி நிலையங்கள்! ஆட வைத்த இடமே பிழைக்கவும் வைத்தது; வேறு இடம் இல்லை.

"1977இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற ஆண்கள் அணி அவரைத் தேர்ந்தெடுத்ததே, அவர்தானே மறுத்தார்?" என்று கேட்கலாம். உண்மைதான். ஏழாவது சுற்றுத் தேர்வு அது. அப்போது அவர் கர்ப்பிணி. ஆண்களோடு மோதினால்தான் சம்பளம் என்பதை வாய்ப்பு என்று நான் எழுதிக்கொள்ள மாட்டேன். அதே மான்ட்ரியாலில் ஆண்கள் அணியில் தங்கம் வென்ற ஏட்ரியன் டான்ட்லியைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அவர் ஆண்கள் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் பதினைந்து பருவங்கள் ஆடினார். ஓய்வுக்குப் பிறகு, மேரிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலை கடக்கக் கைகாட்டும் வேலையை விரும்பி ஏற்றார். அவரும் பள்ளிப் பக்கம் வந்தவர்தான். ஆனால் பதினைந்து ஆண்டு ஆடி முடித்த பிறகு, தானே தேடி வந்தார்.

"அப்படியானால் ஆசிரியர் வேலையைக் கட்டாயத்தின் கணக்கில் வைக்கிறீர்களா?" என்று இந்த அவையில் சிலருக்குக் கோபம் வரலாம். வைக்கவில்லை. சிறப்புக் கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை சில்லறையை எண்ணக் கற்க மாதக்கணக்கில் ஆகும். கைதட்ட அங்கே கூட்டம் இருக்காது. நட்சத்திர ஆட்டக்காரர் என்பதற்காக யாருக்கும் அது கைவந்துவிடாது. லூசியாவும் படித்துத்தான் அந்தத் தகுதியைப் பெற்றார். வேலையின் மதிப்பு ஒரு கணக்கு, தேர்ந்தெடுக்கும் உரிமை இன்னொரு கணக்கு. ஒன்றின் வரவைக் காட்டி மற்றதன் கடனைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்பதுதான் என் வாதம். இருமுனைப் பிறழ்வு நோயோடு போராடியதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே இந்தக் கதைக்குச் 'சுபம்' போடத் துடிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

2022 ஜனவரியில் 66 வயதில் அவர் இறந்தார். இரண்டு மாதம் கழித்து, அவரைப் பற்றிய குறும்படம் ஆஸ்கர் வென்றது. உடனே எல்லோரும் "தாமதமான அங்கீகாரம்" என்றார்கள். அங்கீகாரம் தாமதமாகவில்லை, அவையோரே. கூடைப்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணாக 1992லேயே அவரைச் சேர்த்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 37. பெண்களுக்கான என்.பி.ஏ. லீக் முதல் ஆட்டத்தை நடத்தியது 1997இல்.