போலீசு உத்தியோகமும் அந்நிய நாடும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் வேறொரு விஷயத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் நோட்டீசில் அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் மத்தியானம் நான் தங்கியிருந்த வீட்டிற்கு ஒரு தோழர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்து ஒரு வழக்கை என் முன் வைத்தார். அந்த வழக்கு அந்த ஒரு வீட்டு வழக்கு மாத்திரமல்ல, இங்கு கூடியிருக்கும் பல வாலிபர்களின் வழக்குமாகும் என்று எனக்குத் தோன்றியதால், தலைவர் அவர்கள் அனுமதியோடு அதையே இன்று பேச எடுத்துக்கொள்கிறேன். அவர்களுடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. இருவரும் இக்கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு வயது 22. காலேஜுப் படிப்பு முடிந்துவிட்டது. ஓட்டத்தில் கெட்டிக்காரி. போலீசு உத்தியோகந்தான் பார்ப்பேன் என்கிறாள். அதுவும் இந்த நாட்டிலல்ல, சீமையில் பார்ப்பேன் என்கிறாள். தகப்பனார், "ஐயா, நீங்கள் சொன்னால் கேட்பாள், இந்தப் பைத்தியத்தைத் தெளிவியுங்கள்" என்றார். தாயார் ஜாதகம் பார்த்தாயிற்று. பிரயாண யோகம் இருக்கிறதாம். தாய்மாமன் ஒரு ஏஜெண்டைப் பிடித்திருக்கிறார். அந்த ஏஜெண்டு 12 லட்ச ரூபாய் கொடுத்தால் லண்டன் போலீசில் நேராகச் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்காக வீட்டிலுள்ள மூன்று மா நிலத்தை அடமானம் வைக்க வேண்டும். இதுதான் வழக்கு.

முதலில் ஜாதகத்தை முடித்துவிடுவோம். கடல் தாண்டுவது மகா பாவமென்றும், தாண்டினவன் ஜாதிப்பிரஷ்டன் என்றும் பௌதாயன தர்ம சூத்திரம் சொல்லுகிறது. 1888இல் காந்தியார் படிப்பதற்காகச் சீமைக்குப் புறப்பட்டபோது, அவரது ஜாதியார் கூட்டம் போட்டு அவரை ஜாதியைவிட்டு நீக்கினார்கள். இன்றைக்கு என்ன நடக்கிறது? ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்ற ஊரிலுள்ள பெருமாளுக்கு விசா பாலாஜி என்றே பெயர். 11 சுற்றுச் சுற்றினால் விசா கிடைக்குமாம். கிடைத்த பிறகு வந்து 108 சுற்றுச் சுற்ற வேண்டுமாம்! தாண்டாதே என்று சொன்ன அதே சாஸ்திரக்காரர்களின் சாமி, தாண்டுவதற்கு இப்போது சீட்டுக் கொடுக்கிறது. நம் அம்மாளும் அங்கே போய்வரத் தயாராயிருக்கிறார்கள். போய்வருகிற ரயில் செலவில் இந்தப் பெண் இங்கிலீஷ் பரீட்சைக்குப் புத்தகம் வாங்கலாம் என்பதைத் தவிர அதைப் பற்றி வேறு சொல்லுவதற்கில்லை.

நிற்க. ஏஜெண்டு விஷயம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியதல்ல. தோழர்களே, இங்கிலாந்தில் போலீசு உத்தியோகத்துக்கு அந்நிய நாட்டார் மனுப் போடலாமா என்றால் போடலாம். ஆனால் எப்படிப்பட்ட அந்நியர்? கால வரையறையில்லாமல் அந்நாட்டில் தங்கியிருக்க உரிமை பெற்றவராயிருக்க வேண்டும். சாதாரணமாக மூன்று வருஷமாவது அங்கு வசித்திருக்க வேண்டும். ஏனென்றால், ஒருவருடைய நடத்தையை விசாரித்து அறிந்த பிறகுதான் அவர் கையில் அதிகாரத்தைக் கொடுப்பார்கள். அந்த நிரந்தர உரிமையோ, வேலை விசாவில் போனவர்களுக்குச் சாதாரணமாக ஐந்து வருஷத்துக்குப் பிறகுதான் கிடைத்து வந்தது. அதையும் பத்து வருஷமாக நீட்ட வேண்டுமென்று அந்த சர்க்கார் 2025இல் யோசனை வெளியிட்டது. படிக்கப் போய் இருந்த வருஷங்கள் அந்த ஐந்து வருஷக் கணக்கில் சேருவதில்லை. கனடாவில் குதிரைப் போலீசு என்று பெயர்பெற்ற படையில் சேரவும் அந்நாட்டுப் பிரஜையாகவோ நிரந்தரக் குடியாகவோ இருக்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் பிரஜையாகவே இருக்க வேண்டும். கலிபோர்னியா மாகாணம் 2023 முதல், பிரஜையல்லாதவரும் சட்டப்படி வேலை செய்ய உரிமை உள்ளவராயிருந்தால் போதும் என்று வைத்திருக்கிறது.

ஆகவே, இங்கிருந்து விமானம் ஏறி அங்கே இறங்கி மறுநாள் போலீசு உடுப்பு மாட்டிக்கொள்வது என்பது எந்த ஏஜெண்டாலும் முடியாத காரியம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர்கள் 1983ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்துகொண்டவர்கள்கூட, இன்றைய விதிப்படி, வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் தங்கள் கூலியாக வாங்கலாம். 30,000 எங்கே, 12 லட்சம் எங்கே? மூன்று மா நிலம் எங்கே போகிறது என்பதை அந்தத் தாய்மாமன் யோசித்துப் பார்க்கட்டும்.

பணம் போவதோடு நின்றால்கூட ஒரு வகையில் தப்பித்தோம் என்று இருக்கலாம். நம் நாட்டு வாலிபர்கள் பலரை உதவியாள் வேலை, காவல் வேலை என்று ஆசை காட்டி ருஷியாவுக்கு அழைத்துப்போய், கையில் துப்பாக்கியைக் கொடுத்து உக்ரேன் யுத்த முனையில் நிறுத்திய சங்கதி 2024இல் வெளிவந்தது. அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் மத்திய புலனாய்வு இலாகா வழக்குப் போட்டது. சிலர் அங்கேயே மாண்டும் போனார்கள். உடுப்பு வாங்கித் தருகிறேன் என்கிறவனிடம், எந்த உடுப்பு, யாருக்கு எதிராக என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

யாருக்கு எதிராக என்ற இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஒரு நாடு அந்நியனைக் கூப்பிட்டுப் போலீசு உடுப்புக் கொடுப்பதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அவன் அந்த ஜனங்களில் ஒருவனாக ஆகிவிட்டான் என்பது. மற்றொன்று, அவன் ஒருக்காலும் அந்த ஜனங்களில் ஒருவனாக ஆகமாட்டான் என்பது.

வெள்ளைக்காரன் இந்த இரண்டாவது காரணத்தைக்கொண்டுதான் ராஜ்யம் நடத்தினான். 1857 கலகத்துக்குப் பிறகு இந்த நாட்டு ஜனங்களை வீர ஜாதி, வீரமில்லாத ஜாதி என்று பிரித்தான். சீக்கியன் வீரன், கூர்க்கா வீரன், சென்னை மாகாணத்தான் உதவாதவன் என்று எழுதி வைத்து, நம்மவர்களைப் பட்டாளத்தில் குறைத்துக்கொண்டே போனான். வருணாசிரமத்தை மனுவிடமிருந்து வெள்ளைக்காரன் குத்தகைக்கு எடுத்த கதை இது. அப்படி வீரன் என்று முத்திரை குத்தப்பட்ட சீக்கியர்களை 1867இல் ஆங்காங்குக்கும், 1873இல் பேராக்குக்கும், 1881இல் சிங்கப்பூருக்கும், பிறகு ஷாங்காய்க்கும் போலீசாகக் கொண்டு போனான். சீனனுக்கு அவனுடைய பாஷை தெரியாது, அவனுக்குச் சீனனுடைய பாஷை தெரியாது. அதுதான் அவனுடைய யோக்கியதை! 1925ஆம் வருஷம் மே மாதம் 30ஆம் தேதி ஷாங்காயில் கிளர்ச்சி செய்த ஜனங்களின் மீது வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் சுட உத்தரவிட்டான். சீக்கியக் கான்ஸ்டேபிள்களும் சீனக் கான்ஸ்டேபிள்களும் சுட்டார்கள். பலர் செத்தார்கள். அந்தச் சீக்கியனுக்கும் செத்துப்போன சீன மாணவனுக்கும் என்ன விரோதம்? பஞ்சாபில் நிலம் போதவில்லை, மணியார்டர் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2011இல் பஹ்ரேன் தேசத்தில் ஜனங்கள் தெருவில் இறங்கியபோது, அடக்குவதற்கு ஆள் வேண்டுமென்று பாகிஸ்தானில் விளம்பரம் செய்தார்கள். உள்ளூரில் பெரும்பான்மையாயிருக்கும் ஷியாக்கள் போலீசில் சேர்வதே அரிது. அந்த வருஷமே அங்கு நியமிக்கப்பட்ட விசாரணைக் கமிஷன், எல்லா வகுப்பாரையும் பாதுகாப்புப் படைகளில் சேர்க்க வேண்டுமென்று எழுதிக்கொடுத்தது. அதாவது வகுப்புவாரி உரிமையைப் போலீசிலும் கொடு என்று சொல்லிற்று. நம் நாட்டில் இதைச் சொன்னால் திறமை போய்விடும் என்று அழுகிறவர்கள் அந்த அறிக்கையைப் படித்துப் பார்க்கலாம்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1949 ஏப்ரல் 9ஆம் தேதி முதல் நேபாளத்துக் கூர்க்காக்களைக்கொண்ட ஒரு போலீசுப் படை இருக்கிறது. 1964இல் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கலகம் மூண்டபோது, இரு தரப்பிலும் சேராதவர்கள் என்று இவர்களைத்தான் நிறுத்தினார்கள். 2018இல் அமெரிக்க ஜனாதிபதியும் வடகொரியத் தலைவரும் அங்கே சந்தித்தபோதும் காவலுக்கு நின்றவர்கள் இவர்களே. இந்த உத்தியோகத்துக்கு நேபாளத்தில் ஆயிரக்கணக்கான பையன்கள் போட்டியிடுகிறார்கள். 25 கிலோ மணலைக் கூடையில் சுமந்து, நெற்றியில் பட்டை மாட்டிக்கொண்டு, ஐந்து கிலோமீட்டருக்கு மேல் மலையேறி ஓட வேண்டும். தேறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். தேறாமல் வீடு திரும்ப வெட்கப்பட்டு எத்தனையோ பேர் வேறு தேசங்களுக்குக் கூலிக்குப் போகிறார்கள். தேறினவனுக்கு நல்ல சம்பளம், வீடு, பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் உண்டு. ஆனால் அந்த ஊர்ப் பெண்ணை மணக்கக் கூடாது. நாற்பத்தைந்து வயதை ஒட்டி ஓய்வு பெற்றால் பெண்டு பிள்ளைகளோடு நேபாளத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கேயே வளர்ந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போன குழந்தைகளும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவர்களுக்குக் குடியுரிமை இல்லை. அந்த வீரர்களை நான் குறை கூறவில்லை. அவர்களுடைய நேர்மையை எல்லோரும் மெச்சுகிறார்கள். ஒட்டாமல் இருப்பதற்காகத்தான் சம்பளம் என்றால், அந்தச் சம்பளத்தில் மனிதனுடைய விலை எவ்வளவு என்றுதான் கேட்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு சொல்லுகிறேனென்றால், சிங்கப்பூரில் துணைப் போலீசு என்று ஒன்றிருக்கிறது. முன்பு மலேசியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூரில் ஆள் போதாமையால், இந்தியா, இலங்கை முதலிய இன்னும் சில தேசங்களிலிருந்தும் எடுக்கலாமென்று 2024இல் அறிவித்தார்கள். ஆகையால் நம் பையன்கள் பலருக்கு இந்தக் கதவு தட்டத் தோன்றும். தட்டுவது தப்பில்லை. எத்தனை வருஷத்து ஒப்பந்தம், முடிந்தால் என்ன உரிமை, குடும்பத்தை அழைத்துப்போகலாமா என்று எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டுத் தட்டுங்கள்.

இனி அந்தப் பெண்ணிடம் வருகிறேன். ஏன் அம்மா இங்கே வேண்டாமென்கிறாய் என்று கேட்டேன். அவள் சற்று நேரம் தகப்பனார் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "மாமா, இங்கே நான் ஸ்டேஷனில் உட்கார்ந்தால் எந்தத் தெருவுப் பெண் என்று முதலில் கேட்பார்கள். அங்கே என் ஜாதி யாருக்கும் தெரியாது" என்றாள். தோழர்களே, இத்தனை வருஷம் மேடையில் பேசியும் இதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பிறகு உள்ளதைச் சொன்னேன். அங்கே உன் ஜாதி தெரியாது, ஆனால் உன் தோல் தெரியும். 1967இல் லண்டன் போலீசில் நார்வெல் ராபர்ட்ஸ் என்ற கறுப்பர் சேர்ந்தார். கூட வேலை செய்த வெள்ளைக்காரர்களே அவரைப் படாதபாடு படுத்தினார்கள். அவர் விடவில்லை, முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பு இளைஞரை வெள்ளையர் சிலர் கொன்றபோது போலீசு உருப்படியாகத் துப்பறியவில்லை. அதை விசாரித்த மக்பர்சன் கமிஷன் 1999இல், நிற வெறுப்பு இந்த ஸ்தாபனத்துக்குள்ளேயே ஊறியிருக்கிறது என்று எழுதிற்று. கனடாவில் பல்தேஜ் சிங் தில்லான் என்ற சீக்கியர் தலைப்பாகையோடு சேர வேண்டுமென்று கேட்டதற்கு எதிராக லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தலைப்பாகை கட்டுவது பகுத்தறிவா என்பது வேறு பேச்சு. திருடனைப் பிடிப்பதற்குத் தலைப்பாகை தடையா என்பதுதான் அன்றைய கேள்வி. 1990இல் சர்க்கார் விதியை மாற்றிற்று. அவரும் வேலை பார்த்து முடித்து, 2025இல் அந்நாட்டுச் செனட்டிலும் அங்கத்தினரானார். ஆகவே அங்கே இழிவு இல்லை என்பதில்லை. இழிவை இழிவென்று ஒரு கமிஷன் எழுதுகிறது, எழுதினதை ஜனங்கள் படிக்கிறார்கள். இங்கே எழுதுவதற்கே ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

மற்றொன்றும் சொன்னேன். ஜாதி கப்பலேறாது என்று நினைக்காதே. நம்மவர்கள் ஊறுகாய் ஜாடியோடு அதையும் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இல்லாவிட்டால் அமெரிக்காவில் சியாட்டில் நகரசபை 2023இல் ஜாதி வித்தியாசம் பாராட்டுவது குற்றமென்று சட்டம் செய்ய என்ன அவசியம்?

தகப்பனார் முடிவாகச் சொன்ன ஆட்சேபம், பெண்பிள்ளைக்குப் போலீசு எதற்கு என்பது. இங்கிலாந்திலும் வேல்சிலும் போலீசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். நம் தேசத்தில் 2022 தொடக்கத்துக் கணக்கில் நூற்றுக்கு 12 பேர்கூட இல்லை. அந்த லண்டன் போலீசில் 1971இல் சேர்ந்த முதல் ஆசியப் பெண் கர்பால் கவுர் சாந்து. அவரைக் கொன்றது கள்ளனோ குடிகாரனோ அல்ல. உத்தியோகத்தை விட்டுவிடு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷன். 1973இல், அவர்கள் வீட்டிற்கு வெளியிலேயே கொன்றான். சீமைக்குப் போயும் அந்த அம்மாளுக்கு ஆபத்து வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. பெண்ணுக்கு வெளியில் ஆபத்து என்று சொல்லுகிற தகப்பன்மார் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக அந்தப் பெண்ணும் நானும் ஒரு கணக்குப் போட்டோம். நிலத்தை அடமானம் வைப்பதில்லை. ஏஜெண்டுக்கு ஒரு காசும் இல்லை. இந்த வருஷம் இங்குள்ள சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சையை எழுதுவது. கூடவே இங்கிலீஷ் பரீட்சைக்கும், வெளிநாட்டில் சம்பளத்தோடு கூடிய ஒரு தொழிலுக்கும் தயாராவது. போனால் தொழிலாளியாகப் போய், குடியாகி, அதன் பிறகு மனுப் போடுவது. எட்டு வருஷமாகலாம், பத்து வருஷமும் ஆகலாம். அப்போதும் முப்பத்திரண்டு வயதுதான் மாமா என்றாள்.

இதற்குத் தகப்பனார் சம்மதமா என்று கேட்டேன். கூட்டம் முடியட்டும், சொல்லுகிறேன் என்றார். அதோ, மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் உட்கார்ந்துகொள்கிறேன், அவர் எழுந்து சொல்லட்டும்.