சேனைத் தேனும் கண்ணுக்குத் தெரியாத விஷமும்
(தர்மபுரியில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சங்கதி பொட்டுலினம் என்னும் ஒரு விஷத்தைப் பற்றியது. பெயர் வாயில் நுழையாததாக இருந்தாலும், சங்கதி நம் வீட்டுத் தொட்டில் வரையில் வரக்கூடியது. ஆதலால் தாய்மார்கள் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

மனிதன் அறிந்த விஷங்களில் இதற்கு மிஞ்சியது கிடையாது. ஒரு கிராம் விஷத்தைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கோ ஒன்றரைப் பங்கோ ரத்தத்தில் சேர்ந்தால், 70 கிலோ எடையுள்ள ஒரு மனிதனைக் கொல்லப் போதும். இதைச் செய்வது மண்ணில் கிடக்கும் ஒரு கிருமி. காற்றுப் படாத இடத்தில்தான் அது வளரும். காலம் சரியில்லாதபோது ஓடு கட்டிக்கொண்டு விதைபோல் உறங்கும். அந்த விதை கொதிக்கும் நீரிலும் சாவதில்லை.

விஷம் நரம்பின் நுனியில் போய் உட்கார்ந்து, "சதையே, அசை" என்று நரம்பு அனுப்பும் ரசம் வெளிவராமல் கதவை அடைத்துவிடுகிறது. முதலில் கண் இரண்டிரண்டாகத் தெரியும், இமை தொங்கும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது. பிறகு கை கால் சோர்ந்து, கடைசியில் மூச்சு நிற்கும். இவ்வளவுக்கும் பெரும்பாலும் காய்ச்சல் இராது, புத்தியும் தெளிவாகவே இருக்கும். நம் ஊரில் ஒருவனுக்கு இப்படி வந்தால் என்ன சொல்லுவார்கள்? காற்றுச் சேட்டை என்பார்கள்; மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். இதற்கு முறிவு மருந்து இருக்கிறது. ஆனால் நரம்பில் ஏறிவிட்ட விஷத்தை அது இறக்காது. ரத்தத்தில் சுற்றுவதைத்தான் பிடிக்கும். ஆகவே மந்திரவாதி வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு மணியும் உயிரிலிருந்து கழிவதாகும்.

இதை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான்? ஜெர்மனியில் வூர்ட்டெம்பெர்க் என்னும் நாட்டில், குடலில் அடைத்த இறைச்சியைத் தின்றவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற வைத்தியர் விதி என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. நோயாளிகளைத் தேடிப் பார்த்து, பிணத்தை அறுத்துப் பார்த்து, அந்த விஷத்தைத் தம் நாக்கிலேயே வைத்துச் சோதித்து, 1822-ல் 155 பேருடைய விவரத்தை வெளியிட்டார். 1895-ல் பெல்ஜியத்தில் எல்லெசெல் என்ற ஊரில் ஒரு சாவுச் சடங்குக்கு வாத்தியம் வாசிக்கப் போனவர்கள், உப்பிட்ட பன்றித் தொடையைத் தின்று நோயில் விழுந்தார்கள்; மூவர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்து வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இறைச்சிக் குடலுக்கு லத்தீனில் பொட்டுலஸ் என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் இந்தப் பெயர்.

"அது மாமிசம் தின்னும் வெள்ளைக்காரன் வியாதி, நமக்கென்ன?" என்று யாரும் நினைக்க வேண்டாம். 1996-ல் குஜராத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் 34 மாணவர்கள் இதே குறிகளோடு விழுந்தார்கள். ஆராய்ந்தவர்கள் சந்தேகித்தது, கடலை மாவில் செய்த சேவை! அதில் கண்ட கிருமியோ பொட்டுலினம் இனமே அல்ல. பூட்டிரிகம் என்ற வேறு இனம். ஆனால் விஷத்தைச் செய்யும் கூறு அதனிடமும் இருந்தது. குலத்தைக் கேட்டு மனிதனின் யோக்கியதையைச் சொல்ல முடியாததுபோலவே, இனப் பெயரைக் கேட்டுக் கிருமியின் விஷத்தைச் சொல்ல முடியாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துத் தொழிலையே பாருங்கள். 2004 வரை தர்மபுரி ஜில்லாவில் சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாம்பழக் கூழை டின்னில் அடைத்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். டின்னுக்குள் காற்று இல்லை. கிருமிக்கு வசதியான இடந்தானே? ஆனால் மாம்பழக் கூழில் புளிப்பு உண்டு. புளிப்பை அளக்கும் பி.எச். என்ற கணக்கில் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம், 4.6-க்குக் கீழே போனால் இந்த விதை முளைக்காது. புளிப்பில்லாத கறி, மீன், காய்கறிகளை டின்னில் அடைப்பதானால், அழுத்தமான நீராவியில் 121 டிகிரியில் சுமார் 3 நிமிஷம் வைக்க வேண்டும். ஆகவே டின் உப்பியிருந்தால் ருசி பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

இனித் தொட்டிலுக்கு வருகிறேன். பிள்ளை பிறந்தவுடன் சேனை வைக்கிறோம். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வருமாம்! அப்படியானால் ஊரில் யோக்கியர் ஒருவரைக் கொண்டு எல்லாப் பிள்ளைக்கும் சேனை வைத்துவிட்டுப் போலீசையும் கோர்ட்டையும் மூடிவிடலாமே? அந்தச் சேனையில் தேன் கலப்பதும் உண்டு. தேனில் சில சமயம் இந்தக் கிருமியின் விதை இருக்கும். நம் குடலில் பழைய கிருமிகள் குடியிருப்பதால் அது முளைக்க இடமில்லை. பச்சைக் குழந்தையின் குடலோ காலி நிலம். விதை அங்கே முளைத்து, அங்கேயே விஷம் செய்யும். 1976-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் இதைக் கண்டறிந்தார்கள். மலச்சிக்கல், பால் உறிஞ்சப் பலமின்மை, மெலிந்த அழுகை, துவளும் கழுத்து, இவைகள் அதன் குறிகள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது என்று வைத்தியர்கள் சொல்லுவது இதனால்தான். தேனைக் காய்ச்சினாலும் விதை சாகாது.

"எங்கள் பாட்டி தேன் கொடுத்துத்தானே நாங்கள் வளர்ந்தோம்?" என்பீர்கள். எல்லாத் தேனிலும் விதை இல்லை, வியாதியும் அபூர்வந்தான். ஆனால் பிழைத்தவர்கள்தானே இங்கு வந்து பேசுகிறீர்கள்? இறந்த பிள்ளை வந்து சாட்சி சொல்லுமா? தேனால் பச்சைப் பிள்ளைக்கு ஆகும் லாபம் ஒன்றுமில்லை. நஷ்டம் ஒன்று உயிர். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே: இதற்கு மிஞ்சிய சேனை எது?

கடைசியாக ஒன்று. இதே விஷத்தை மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டு மாறுகண்ணைச் சரிசெய்யலாம் என்று ஆலன் ஸ்காட் என்ற கண் வைத்தியர் 1980-ல் எழுதினார். 1989-ல் அமெரிக்க சர்க்கார் அதை மருந்தாக ஒப்புக்கொண்டது. கழுத்து தானே திருகிக்கொள்ளும் வியாதிக்கும் இன்று இதுதான் ஊசி. பேய் திருகியது என்று நாம் வேப்பிலை அடித்த கழுத்தை நிமிர்த்தியது, நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்ற விஷம்! அதற்கு யாரும் பூசை போடவில்லை. என்ன, ஏன், எவ்வளவு என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

ஆதலால் தாய்மார்களே, நாளை உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்து, யாராவது தேன் கிண்ணத்தோடு வந்தால், "எதற்காக?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வருவதற்குள் பிள்ளையைத் தாயின் மார்பில் போட்டுவிடுங்கள். நான் சொன்னதென்பதற்காகவும் நம்ப வேண்டாம். ஆஸ்பத்திரியில் விசாரித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.