நீருக்கு மேலும் நீருக்குக் கீழும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



விளையாட்டைப்பற்றிச் சில நிமிடங்கள் பேசும்படி என்னைப் பணித்தார்கள். உதைபந்தாட்டத்தையோ கிரிக்கெட்டையோ எடுத்துக்கொண்டால், என்னைவிட நன்கு அறிந்தவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். ஆகவே, நம்மில் அநேகர் கண்ணாற் காணாத ஓர் ஆட்டத்தைத் தெரிந்துகொண்டேன். அதுவே நீர்ப்பந்தாட்டம், அதாவது வாட்டர் போலோ.

1900-ம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களிலேயே இவ்வாட்டம் இடம்பெற்றது. பெண்களுக்கான போட்டி மிகப் பிந்தி, 2000-ம் ஆண்டு சிட்னியில்தான் சேர்க்கப்பட்டது. 1956-ம் ஆண்டில் பக்கத்துக்கு எழுவர் தடாகத்தில் இறங்கி ஆடினர். கோல் காப்பவர் தவிர மற்றையோர் ஒரு கையால் மாத்திரமே பந்தைப் பிடிக்கலாம். கால் தரையில் ஊன்றலாகாது. நிலைகொள்ளாத குளத்தின் நடுவே மிதந்துகொண்டு, ஒருவன் தோளைப் பிடித்து அமுக்க, ஒற்றைக் கையால் பந்தெறிந்து பாருங்கள். இதன் கடினம் விளங்கும். இன்னுமொரு சங்கடம் உண்டு. மத்தியஸ்தர் கரையில் நிற்கிறார். நீருக்கு மேலே நடப்பதைக் காண்கிறார். கீழே நடக்கும் உதையும் இழுப்பும் பெரும்பாலும் அவர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இந்த ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்றது, கடற்கரையே இல்லாத ஹங்கேரி தேசம். 1932 முதல் 2008 வரை ஆண்களுக்கான ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை அந்நாடு ஒன்பது முறை வென்றது. ஒலிவேர் ஹலாசி என்ற வீரர் இடது காலின் கீழ்ப்பாகத்தை இழந்தவர். அவர் 1932-லும் 1936-லும் தங்கம் வென்ற குழுக்களில் ஆடினார் என்றால், அந்நாட்டவர் இவ்வாட்டத்தை எவ்வளவு நேசித்தனர் என்று சொல்லவேண்டியதில்லை.

நான் சொல்லவந்தது 1956-ம் ஆண்டுக் கதை. அவ்வாண்டு ஒக்டோபர் 23-ந் திகதி புடாபெஸ்ட் நகரில் சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராக மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நவம்பர் 4-ந் திகதி சோவியத் டாங்கிப் படைகள் நகரைத் தாக்கின. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஹங்கேரியர் மாண்டனர். ஏறக்குறைய 2 இலட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினர். நகருக்கு வெளியே பயிற்சிபெற்ற ஹங்கேரிய நீர்ப்பந்தாட்டக்காரருக்குத் துப்பாக்கி வேட்டுக் கேட்டது. நாட்டின் கதி முழுவதும் தெரிந்ததோ அவுஸ்திரேலியாவை அடைந்த பின்னரே. இப்படையெடுப்பைக் கண்டித்து ஒல்லாந்து, ஸ்பெயின், சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகள் மெல்பேண் பந்தயங்களைப் பகிஷ்கரித்தன. ஹங்கேரியரோ தடாகத்தில் இறங்கினர்.

டிசம்பர் 6-ந் திகதி அவர்களுக்கு எதிரே நின்றது சோவியத் குழு. ஹங்கேரியர் பள்ளியிற் கட்டாயமாகக் கற்ற ருஷ்ய மொழியிலேயே எதிரிகளை ஏசிக் கோபமூட்டினர். கோபங்கொண்டவன் ஒழுங்காக ஆடமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. அடியும் உதையும் இரு பக்கமும் நடந்தன. ஹங்கேரி நான்கு கோல்கள் போட்டது. சோவியத் ஒன்றும் போடவில்லை. அவற்றுள் இரண்டைப் போட்டவர் எர்வின் சாடோர், இருபது வயதைக் கடந்த இளைஞர். ஆட்டம் முடியுந் தறுவாயில், வலன்ரின் புரோக்கோபொவ் என்ற சோவியத் வீரர் ஓங்கி அவரை அறைந்தார். கண்ணருகே தோல் பிளந்து இரத்தம் வழிந்தது. சனங்கள் கொதித்தெழுந்து தடாகத்தருகே பாய்ந்தனர். பொலிசார் தலையிட நேர்ந்தது. ஆட்டம் அத்துடன் நிறுத்தப்பட்டு, ஹங்கேரி வென்றதாகத் தீர்ப்பாயிற்று.

இரத்தம் வழிந்த முகத்தின் புகைப்படம் உலகெங்கும் பரவியது. தடாகமே சிவந்தது என்றுகூடச் சிலர் எழுதினர், அது மிகை. இன்றும் இப்போட்டியை இரத்தத்தின் பெயராலேயே சுட்டுகிறார்கள். சகோதரர்களே, இங்கேதான் என் மனம் ஒப்பவில்லை.

விளையாட்டில் அரசியல் ஏன் என்று பெரியோர் கேட்கலாம். தன் ஊரில் பிணம் விழும்போது ஒருவன் துயரத்தைக் கரையிற் கழற்றி வைத்துவிட்டு நீரில் இறங்க முடியாது என்பதே என் விடை. வாலிபர்களோ, அடிக்கு அடி கொடுத்தது சரிதானே என்பீர்கள். அதற்கும் நான் இணங்கேன். டாங்கிகளை அனுப்பியவர்கள் வேறு. தடாகத்தில் நின்ற ருஷ்ய இளைஞர் வேறு. அவர்களை ஏசியதால் புடாபெஸ்டில் ஓர் உயிரும் மீளவில்லை. அந்த ஏச்சு மூட்டிய கோபத்துக்கு விலை கொடுத்தவரும் சாடோரே. கண்ணில் அடிபட்டவர் யூகோஸ்லாவியாவுக்கு எதிரான கடைசிப் போட்டியில் ஆட இயலாமல் வெளியில் இருந்து பார்த்தார். அவரில்லாமலே தோழர்கள் 2-1 என வென்று தங்கம் பெற்றனர். ஏச்சும் அறையும் பேர்பெற்ற போட்டியைவிட, இந்தப் போட்டியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நாட்டை நினைந்து நெஞ்சு வெந்துகொண்டிருக்கையில், அடக்கத்தோடு ஆடி முடித்தார்களே, அதுவல்லவா ஆண்மை!

பின்பு சாடோர் தாயகம் திரும்பாமல் அமெரிக்காவிற் குடியேறினார். அங்கே நீச்சல் ஆசிரியராகி, சிறுவனாயிருந்த மார்க் ஸ்பிற்சுக்குப் பயிற்சி அளித்தார். அந்த ஸ்பிற்ஸ் 1972-ல் ஏழு தங்கப் பதக்கங்கள் வென்றது யாவரும் அறிந்ததே. ஹங்கேரியின் தலைவராய் ஆடிய டெசோ ஜார்மதியோ, 1964-ல் டோக்கியோவில் தம் நாட்டுக்காக மறுபடியும் தங்கம் வென்றார். பல ஆண்டுகள் கழித்து, இப்போட்டியைப்பற்றிய ஒரு திரைப்படத்துக்காக இரு நாட்டு வீரரும் புடாபெஸ்டில் ஒன்றுகூடினர். அவர்களுக்கு நடுவே இருந்த வழக்கு அவர்கள் தொடங்கியதன்று என்பதை அந்தச் சந்திப்பு காட்டவில்லையா?

நம்மிற் சிலருக்கும் மனத்தில் ஆறாத வழக்குகள் இருக்கலாம். மைதானத்தில் இறங்கும்போது அவையும் கூடவே வரும், வரட்டும். ஆனால் மத்தியஸ்தர் காணாத இடத்தில் நம் காலும் கையும் என்ன செய்கின்றன என்பதற்கு நாமே சாட்சி. அந்தச் சாட்சிக்கு அஞ்சி ஆடுவோமாக.