முதலில் ஒரு வீடு

பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

சமூகப்பணி, உளவியல், செவிலியம் படித்த உங்களில் பலர் நாளை மனநலத் துறைக்கு வருவீர்கள். இத்துறையில் நீண்ட காலமாக வேலை செய்பவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறேன். மனநோயிலிருந்து மீள்கிறவருக்கும் குடியிலிருந்து மீள்கிறவருக்கும் முதல் தேவை வீடு. மருந்தும் ஆலோசனையும் வேரூன்ற அந்த இடம் வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அப்போது நீங்கள் பிறந்திருக்கக்கூட மாட்டீர்கள். ஆனாலும் அந்தத் தேதியை நினைவில் வையுங்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களில் பலவற்றுக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது, வெளியே விடவும் முடியாது என்ற நிலையில்தான் சங்கிலி வருகிறது.

அதன் பிறகு சட்டம் வெகுதூரம் வந்துவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மனநோய் உள்ள ஒவ்வொருவருக்கும் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை உண்டு என்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் நோய் தணிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் எழுதிய பிறகும், போக இடமில்லாமல் வார்டிலேயே வயதாகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இதற்கு வழி உண்டு. 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'தி பேனியன்' அமைப்பு, 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தில் நான்கைந்து பேரைச் சேர்த்துச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடிவைக்கிறது. துணைக்கு ஒரு பணியாளர் இருப்பார். சமையல், கடைக்குப் போவது, மாத்திரை, கோயில், வேலை எல்லாம் மற்ற வீடுகளைப் போலத்தான். கேரளம், மகாராஷ்டிரம், அசாம் வரை இது பரவியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் வார்டில் இருந்த ஒரு பெண்மணி வந்தார். முதல் நாள் என்னிடம், "சாப்பாட்டு மணி எப்ப அடிப்பாங்க?" என்று கேட்டார். "மணி கிடையாதும்மா. பசிச்சா சாப்பிடலாம்" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வாரக் கடைசியில் தானே மார்க்கெட்டுக்குப் போய், பேரம் பேசி, நெத்திலிக் கருவாடு வாங்கிவந்து குழம்பு வைத்தார். எந்த மருந்துச் சீட்டிலும் இதை எழுத முடியாது.

வீடு பிடிப்பது எளிதல்ல. "ஃபேமிலிக்குத்தான் விடுவோம்" என்பார்கள். ஒரு வீட்டுக்கார அம்மா, "ராத்திரியில கத்துவாங்களா?" என்று நேரடியாகக் கேட்டார். "கூடவே ஆள் இருப்பாங்க. என்ன சத்தம் வந்தாலும் எந்த நேரமும் எனக்கு போன் பண்ணுங்க" என்று எண்ணை எழுதிக் கொடுத்தேன். "மூணு மாசம் பார்க்கிறேன்" என்று சாவியைத் தந்தார். அந்த மூன்று மாதத்தில் வந்த ஒரே புகார், தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார்கள் என்பதுதான். எல்லாக் குடித்தனக்காரர் மேலும் வருகிற புகார் அது. அதைக் கேட்டு நான் மனம் நிறைந்து மகிழ்ந்தேன்.

குடிநோயாளிகளின் பாடு இன்னும் கடினம். சிகிச்சை முடிந்து வெளியே வருகிறவரைப் பல வீடுகளில் சேர்ப்பதில்லை. அப்படிச் சேர்க்காத மனைவியைக் குறை சொல்லவும் முடியாது, அவர் பட்டது அவருக்குத்தான் தெரியும். கடைசியில் சிகிச்சை முடிந்தவர் படுப்பது அதே பழைய தெருவில், அதே கூட்டாளிகளோடு. "முழுசாகத் திருந்து, பிறகு இடம் தருகிறோம்" என்று அவரிடம் சொல்வது, சேற்றில் நிற்பவனிடம், காலைக் கழுவிவிட்டு வா, பிறகு கை கொடுக்கிறேன் என்பது போன்றது.

நியூயார்க்கில் 1992இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையை மாற்றினார். குடியை விட்டாக வேண்டும், மருந்து எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லாமல் முதலில் வீடு. உதவிகள் பின்னாலேயே வரும். கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், வீடற்ற, மனநலப் பாதிப்புள்ள சுமார் 2,000 பேரிடம் இதைச் சோதித்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், இந்த முறையில் வீடு பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் முழுக் காலமும் வீட்டிலேயே இருந்தார்கள். வழக்கமான உதவிகளை மட்டும் பெற்றவர்களில் 31 சதவீதம் பேர்தான் அப்படி இருந்தார்கள். வீடு கொடுத்தவுடன் போதை தானாக நின்றுவிடாது. ஆனால் உதவிக்குப் போகிறவர், வீடு பெற்றவரை எந்த நடைபாதையில் தேடுவது என்று அலைய வேண்டியதில்லை. முகவரி இருந்தால் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவற்றுக்கு வழி பிறக்கும்.

அன்புச் செல்வங்களே, உங்களில் எல்லோரும் மனநலப் பணிக்கு வரமாட்டீர்கள். ஆனால் நீங்கள் எல்லோரும் யாருக்காவது பக்கத்து வீட்டுக்காரர் ஆவீர்கள். சிலர் வாடகைக்கு விடும் வீட்டின் சொந்தக்காரர் ஆவீர்கள், சிலர் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் அதிகாரி ஆவீர்கள். மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள், நோயாளி கிளம்பும் நாளில் "மாத்திரை வாங்கிட்டீங்களா?" என்பதோடு "எங்கே போய்த் தங்குவீங்க?" என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் வேலை முடியவில்லை என்று பொருள். உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு வந்தால், எதிர்த்து மனு எழுதுகிறவர்களோடு சேராதீர்கள். முதல் நாளே போய், தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி எப்போது வரும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நீங்கள் பெற்ற பட்டத்துக்கு நாடு கேட்கும் கைம்மாறு இதுவே.