நிழலில் வளரும் வெற்றிலைக் கொடி

(தோட்டக் குடும்பத்தினரிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீடுகளின் பின்புறத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ரம்புத்தான், மா, பலா ஆகிய மரங்களின் நிழல் விழும் இடத்தில் மிளகாயும் கத்தரியும் சரிவரக் காய்ப்பதில்லை. “இந்த மண்ணில் ஒன்றும் வராது” என்று கூறி, அங்கே பழைய தகரங்களையும் உடைந்த வாளிகளையும் போட்டு வைப்போர் உண்டு. குறை மண்ணில் இல்லை. வெயிலை விரும்பும் செடியை நிழலில் நட்டதுதான் குறை.

நிழலை விரும்பும் பயிர் ஒன்று நமக்கு நன்கு அறிமுகமானதே. அதுதான் வெற்றிலைக் கொடி. மிளகின் இனத்தைச் சேர்ந்த இக்கொடி ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது. நம் நாட்டின் வெப்பமும் ஈரக்காற்றும் இதற்கு மிகவும் ஏற்றவை. தமிழகத்தில் இதற்காகவே அகத்தி மரங்களை வரிசையாக வளர்த்து நிழல் உண்டாக்குவர். அத்தகைய தோட்டத்தைக் ‘கொடிக்கால்’ என்பர். அங்கே பாடுபட்டு உண்டாக்கும் நிழல் இங்கே நம் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது.

ஆனால், நிழல் என்பது இருட்டு அன்று. மரக்கிளைகளின் ஊடே ஒளி சிதறி விழும் இடமே கொடிக்கு உகந்தது. கடும் வெயிலில் இலை மஞ்சளித்துக் கருகும். ஒளியே புகாத இடத்தில் கொடி மெலிந்து, இலை சிறுத்துப் போகும்.

மண்ணை நன்கு கொத்தி, மக்கிய சாணமும் இலை மக்கும் கலந்து, அரை அடி உயரத்திற்கு மேட்டுப் பாத்தி அமைக்க வேண்டும். நோயற்ற கொடியிலிருந்து 3 முதல் 5 கணுக்கள் உள்ள துண்டுகளை நறுக்கி, 2 கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு நடுதல் வேண்டும். படர்வதற்கு முருங்கை அல்லது கல்யாண முருங்கைப் போத்தை அருகில் ஊன்றலாம். இளங்கொடியை வாழை நாரினால் தளர்வாகக் கட்டிவிட்டால் போதும். பிறகு கணுக்களில் தோன்றும் வேர்களே மரத்தைப் பற்றிக்கொள்ளும்.

இனி, யாவற்றினும் முக்கியமான செய்தி நீரைப் பற்றியது. வெற்றிலைக்கு ஈரம் வேண்டும். ஆனால் காலடியில் நீர் தேங்கலாகாது. தேங்கினால் வேரும் தண்டின் அடியும் கறுத்து அழுகும். இலைகள் ஒளியிழந்து தொங்கும். வாடிய கொடியைக் கண்டதும் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவோர் பலர். அது நோயை வளர்க்குமேயன்றித் தீர்க்காது. முதலில் அடித்தண்டைப் பார்க்க வேண்டும். அது கறுத்திருந்தால் அக்கொடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்தி, வடிகாலைச் சீர்படுத்துவதே வழி. நறுக்கிய கத்தியையும் கழுவிய பின்னரே மற்றக் கொடிகளில் பயன்படுத்த வேண்டும்.

தேங்கிய நீர் கொடிக்கு மட்டும் பகையன்று. நிழலில் கிடக்கும் தகரத்திலும் பூச்சட்டியின் அடித்தட்டிலும் நிற்கும் சிறிதளவு நீரே ஏடிஸ் கொசுவிற்குப் போதும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் வரை ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துக் கழுவினால் டிங்கிக் காய்ச்சலைத் தடுக்க அது பெரிதும் துணை செய்யும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசுப் புழுக்கள் பெருக இடமளிப்பது தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

கொடி நன்கு படர்ந்த பின், அடிப்பகுதியில் முற்றிய இலைகளைக் காம்போடு கிள்ளி எடுக்கலாம். கொடி எட்டாத உயரத்திற்குச் சென்றால் அதனை மெல்ல இறக்கிச் சுருட்டி, அடிப்பகுதியை மண்ணில் புதைத்து மீண்டும் கட்டினால், புதிய வேர்விட்டுத் தழைக்கும்.

நிச்சயதாம்பூலம் முதல் பூசை வரை வெற்றிலையின்றி நமக்கு மங்கல நிகழ்ச்சி இல்லை. மலாய் அன்பர்களின் பெண் பேசும் சடங்கிலும் வெற்றிலைப் பெட்டியாகிய ‘தெப்பாக் சீரே’ சிறப்பிடம் பெறுகிறது. இரு சமூகத்தாரும் போற்றும் இந்த இலையை வீட்டிலேயே வளர்த்தால் பாசாரில் காசு கொடுக்கும் தேவை இராது. அண்டை வீட்டாருக்கும் அன்புடன் கொடுக்கலாம்.

எனினும், தாம்பூலத் தட்டில் இருப்பது வேறு. நாள்தோறும் வாயில் அடக்கிக்கொள்வது வேறு. வெற்றிலைபாக்கு மெல்லுதல், புகையிலை சேராவிடினும், புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அறிவித்தது. பாக்கே புற்றுநோய்க்குக் காரணமாகும். புகையிலை சேர்ந்தால் தீங்கு மேலும் மிகும். வீட்டில் மூத்தோர் எவருக்கேனும் வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் தழும்போ, வாய் திறப்பதில் இறுக்கமோ இருப்பின், காலம் தாழ்த்தாமல் அரசாங்கப் பல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோமாக. தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

தகரங்கள் கிடந்த இடத்தில் பசுங்கொடி படரட்டும். நீர் தேங்காத தோட்டமும் நோயற்ற குடும்பமும் நம் உழைப்பின் பயனாகட்டும்.