அம்மா வாங்கிய படம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பந்தலூரில் எங்கள் லைன் வீட்டில் ஒரு டேப்ரிகார்டர் இருந்தது. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர் என் தாத்தா. அப்பா ஒரு கேசட் வாங்கினால் அது நாலு வீடு சுற்றி, நாடா கசங்கித்தான் திரும்பி வரும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

போன தீபாவளிக்கு அம்மா போனில் காசு கட்டி ஒரு படம் வாங்கிக் கொடுத்தேன். போனில் ஓடியது. ஒயர் போட்டுப் பழைய டிவியில் மாட்டினால் திரை கறுப்பு! "இதுக்குத்தானா தம்பி இஞ்சினியரிங் படிச்சே?" என்றார். நான் பிழைப்பதே இந்தத் துறையில்தான். வெட்கமாகப் போய்விட்டது.

விஷயம் இதுதான். படத்தை அனுப்பும் கருவி, எதிரே உள்ள டிவியிடம் இன்டெல் உருவாக்கிய எச்.டி.சி.பி. என்ற பூட்டுக்குச் சாவி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் படம் தராது. வீட்டுக்குள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் படம் போக டி.டி.சி.பி. என்று வேறொன்று, 1998இல் இன்டெல், சோனி, ஹிட்டாச்சி, தோஷிபா, மாட்சுஷிட்டா ஐவரும் சேர்ந்து செய்தது. அது நெட்வொர்க்குக்கு வந்தபோதுதான் வேடிக்கை. 'வீடு' என்றால் எதுவரை? ரேஷன் கார்டா பார்க்க முடியும்? கேள்வி அனுப்பி 7 மில்லி விநாடிக்குள் பதில் வந்தால் அது வீடு என்று வைத்தார்கள். பக்கத்து லைனில் இருக்கும் பெரியப்பா வீடு எங்களுக்கு ஒரே வீடு. வைஃபை தட்டுத்தடுமாறும் மழைநாளில், கணக்குப்படி அது வெளியூர்!

பூட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். படம் எடுத்தவனும் சாப்பிட வேண்டும். நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் சாவி கடைக்காரன் கையிலேயே இருக்கிறதே! 2009இல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது; விற்றவரிடம் உரிமை இல்லையாம். 2019இல் மைக்ரோசாஃப்ட் மின்நூல் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்களும் போயின. இரண்டிலும் பணம் திரும்பி வந்தது.

அம்மாவுக்குப் புது டிவி வாங்கிக் கொடுத்துவிட்டேன், படம் ஓடுகிறது. இப்போது வேறு கேட்கிறார்: "இதைப் பெரியம்மாவுக்குக் குடுத்துட்டு நாளைக்கு வாங்கிக்கலாமா?" கேசட்டாக இருந்தால் நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன், பதில் கைவசம் இல்லை.